ராட்வீலர் வருது!

மாமியார்: ...கதையெல்லாம் அப்புறம். முதல்ல நீளத்தைச் சொல்லு. அளவு தெரியாம நான் எதை வெட்டறது, என் தலையையா?

மருமகள்: நீளம்... ஒரு மூணரை அடி இருக்கும் அத்தை.

மாமியார்: மூணரை அடியா! வண்டியா அது, பிள்ளைங்க விளையாடற பொம்மையா?

மருமகள்: ஐயோ, அது... சீட்டு மட்டும் அத்தை. சீட்டு மூணரை அடி.

மாமியார்: அப்படிச் சொல்லு. நல்லா காலை நீட்டிப் படுக்கலாம்.

மருமகள்: ஆமா அத்தை! நல்லா காலை நீட்டி... யாரு படுக்கறது?

மாமியார்: நான்தான். வேற யாரு? சரி, ரெக்சின் போடவா, துணி போடவா? ஊர்ல ஓடற பாதி பஸ்ஸுக்கு நான்தான் சீட்டு கவர் தைச்சிருக்கேன். என் வீட்டு வண்டிக்கு மட்டும் ஏனோதானோன்னு தைக்க மாட்டேன், சொல்லிட்டேன்.

மருமகள்: துணியே போடுங்க அத்தை. ரெக்சின்னா அவனுக்கு வழுக்கும்.

மாமியார்: எவனுக்கு?

மருமகள்: ஓ... ஓட்டறவனுக்கு. உங்க பிள்ளைக்கு.

மாமியார்: அவன் வழுக்கி விழட்டும், நல்லா சதை இருக்கு, ஒண்ணும் ஆகாது. கழுத்து எவ்வளவு?

மருமகள்: இருபத்திரண்டு அங்குலம்.

மாமியார்: அடேங்கப்பா! கேட்ட வாய் மூடல, டக்குனு வருது பதில்.

மருமகள்: நானே அளந்தேன் அத்தை. ரெண்டு தடவை.

மாமியார்: கெட்டிக்காரிதான். இந்தா, மெஷின் ஊசியில நூலைக் கோத்து விடு. கண்ணாடியைக் காணோம், தடவிக்கிட்டே உட்கார்ந்திருக்கேன்.

மருமகள்: நான் தேடித் தரேன். அந்த அலமாரியில...

மாமியார்: தேடாதே!

மருமகள்: ஏன் அத்தை?

மாமியார்: நானே தேடிக்கறேன்னு சொன்னேன். நீ கோத்து விடு. பஞ்சு வேற இன்னும் வரல. காலையிலேருந்து வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கேன்.

மருமகள்: பஞ்சு மூட்டையிலயே இருக்கே அத்தை, இதோ.

மாமியார்: அது சாதாப் பஞ்சு. நான் சொல்றது வேற. நல்ல கனமான பஞ்சு. வந்தா நீயே பாரேன். ஆமா, இந்த ராட்வீலர் புதுசா, செகண்ட் ஹேண்டா?

மருமகள்: ஏற்கெனவே ரெண்டு வீட்டுல இருந்துச்சு அத்தை.

மாமியார்: ரெண்டு வீட்டுக்காரங்களும் தள்ளிவிட்டுட்டாங்களா? ஏதோ கோளாறு இருக்கு.

மருமகள்: ஒரு கோளாறும் இல்ல! அவங்களுக்குத்தான் புரியல.

மாமியார்: வண்டியில புரியறதுக்கு என்னடி இருக்கு? சாவியைப் போட்டா ஓடுது.

மருமகள்: அது... உறுமும் அத்தை. அதைக் கேட்டு பயந்துட்டாங்க. ஆனா அது கோபத்துல வர்ற உறுமல் இல்ல. சந்தோ...

மாமியார்: வண்டிக்குக் கோபமா?

மருமகள்: இல்ல... இன்ஜின். அருமையான இன்ஜின் அத்தை. மனசு தங்கம்.

மாமியார்: இன்ஜினுக்கு மனசு வேற! சரிதான், குரைக்கிற நாய் கடிக்காதும்பாங்க.

மருமகள்: நா... நாயா? எங்க?

மாமியார்: பழமொழிடி! ஏன் இப்படித் துள்ளறே? நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுது. காய்ச்சலா?

மருமகள்: இல்ல... போன் அடிக்குது அத்தை. உங்க பிள்ளைதான். உள்ள போய்ப் பேசிட்டு வரேன், இங்க மெஷின் சத்தம்.

மாமியார்: நான் இன்னும் மிதிக்கவே ஆரம்பிக்கலையே... ம், போ போ.

*

மருமகள்: எங்க இருக்கீங்க?

மகன்: கிளம்பியாச்சு! வேன்ல வந்துக்கிட்டு இருக்கோம்! நீ பார்க்கணுமே, முன் சீட்டுல என்னைவிட மிடுக்கா உட்கார்ந்திருக்கான். சிக்னல்ல பக்கத்துக் கார்க்காரர் எட்டிப் பார்த்தார். இவன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான், மனுஷன் கண்ணாடியை ஏத்திக்கிட்டார்.

மருமகள்: சாப்பிட்டானா? வழியில வாந்தி எடுத்தானா? பயப்படறானா?

மகன்: அவனா பயப்படறான்? பயமெல்லாம் எனக்குத்தான். அம்மாகிட்ட சொல்லிட்டியா?

மருமகள்: அவனுக்குத் தண்ணி குடுத்தீங்களா?

மகன்: ஏய்! சொல்லலையா இன்னும்?

மருமகள்: எப்படிங்க சொல்றது? இன்னும் வண்டின்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. சீட்டு கவர் தைக்கறாங்க!

மகன்: கடவுளே.

மருமகள்: எல்லாம் உங்களால. அன்னைக்கே "நாய்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

மகன்: நான் சுத்தமாத்தான் சொன்னேன்! "அம்மா, ஒரு ராட்வைலர் எடுக்கலாம்னு இருக்கோம்"னேன். அவங்கதான், "டூ வீலர் தெரியும், ஃபோர் வீலர் தெரியும், அதென்னடா ராட்வீலர்? சரி, எடுங்க எடுங்க"ன்னாங்க.

மருமகள்: நீங்க தலையை ஆட்டினீங்க!

மகன்: நீயும்தான் டீயை முழுங்கிட்டு ஆட்டின!

மருமகள்: சரி, இப்ப என்ன பண்றது? பக்கத்து வீட்டுக் குட்டி நாயைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் தாண்டி நடக்கறவங்க. டிவியில இந்த ஜாதியைக் காட்டினப்ப என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? "எமனுக்கு நாலு கால் முளைச்சா இப்படித்தான் இருக்கும்"னாங்களே.

மகன்: மறக்க முடியுமா? இங்க பாரு, விளையாட்டு இல்ல. நாய் காப்பகத்துல இன்னைக்கும் சொன்னாங்க. ரெண்டு வீட்டுலயும் திருப்பி அனுப்பியாச்சு. இந்த வாட்டியும் திரும்பி வந்தா யாரோ ஒரு இரும்புக் கிடங்குக்காரர் எடுத்துக்கறாராம். பகல்ல சங்கிலி. ராத்திரி அவிழ்த்து விட்டு, ஆளைக் கடிக்கப் பழக்குவாராம்.

மருமகள்: அவனையா? ஈ உட்கார்ந்தாகூட என் பின்னாடி வந்து ஒளியறவனை!

மகன்: அதனாலதான் கேட்டுக் கேட்டுக் குடைஞ்சாங்க. வீட்டுல எல்லாருக்கும் சம்மதமா, பெரியவங்களுக்கு சம்மதமான்னு. நானும் துணிஞ்சு, "எங்கம்மாதாங்க எடுத்துட்டு வரச் சொன்னாங்க"ன்னு விட்டேன். காப்பகத்தம்மா சிரிச்சாங்க.

மருமகள்: சிரிச்சாங்களா? ஏன்?

மகன்: யாருக்குத் தெரியும். ஒரு உறையைக் கையில குடுத்து, "உங்கம்மாகிட்ட குடுத்துடுங்க"ன்னாங்க. பூச்சி மாத்திரையா இருக்கும்.

மாமியார்: ஏம்மா! வண்டியை வெயில்ல நிறுத்தலாமா, நிழல்ல நிறுத்தணுமா?

மருமகள்: நிழல் அத்தை! நிழல்!

மாமியார்: தண்ணி ஊத்தணுமா?

மருமகள்: அடிக்கடி ஊத்தணும் அத்தை! ...கேட்டீங்களா? வாசல்ல இடம் ஒதுக்கிப் பெருக்கி வச்சிருக்காங்க. தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க.

மகன்: முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்க முடியாது. அதுவும் இந்தப் பூசணிக்காய் நாலு கால்ல நடந்து வருது. நீயே சொல்லிடு. நீ சொன்னா கேப்பாங்க.

மருமகள்: பெத்த பிள்ளை நீங்க!

மகன்: அதனாலதான் எனக்குத் தெரியும். என் பேச்சைக் கேட்க மாட்டாங்க... ஐயையோ, ஸ்டியரிங்கை நக்கறான்! வச்சுடறேன்!

மருமகள்: ஏங்க... ஏங்க!

*

மாமியார்: என்ன சொல்றான்?

மருமகள்: வந்துக்கிட்டு இருக்காராம்.

மாமியார்: ஓட்டிக்கிட்டா, தள்ளிக்கிட்டா?

மருமகள்: அத்தை, உங்ககிட்ட ஒரு விஷயம்...

மாமியார்: அந்தக் கத்தரியை எடு.

மருமகள்: இந்தாங்க. அத்தை, அந்த ராட்வீலர்...

மாமியார்: கறுப்புன்னியே, முழுக் கறுப்பா?

மருமகள்: கறுப்புதான். கால் நாலுலயும் பழுப்பு. கண்ணுக்கு மேல ரெண்டு பொட்டு மாதிரி பழுப்பு, அப்படியே... அத்தை, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்!

மாமியார்: கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்? ஹாரன் நல்லா அடிக்குமா?

மருமகள்: அது வண்டி இல்ல அத்தை. நாய்.

மாமியார்: நாய்.

மருமகள்: ஆமா.

மாமியார்: அப்ப நான் சீட்டு கவர் தைக்கறது...

மருமகள்: தப்புதான். ஆயிரம் தடவை தப்பு. முதல் நாளே சொல்லியிருக்கணும். நீங்க சந்தோஷமா "எடுங்க"ன்னு சொன்னீங்களா... அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல. அப்புறம் பயம் வந்துடுச்சு.

மாமியார்: எந்த நாய்? அந்த டிவியில காட்டினானே, அதுவா?

மருமகள்: அந்த ஜாதிதான். ஆனா இவன் அப்படி இல்ல அத்தை! எங்க போட்டோ ஸ்டூடியோவுலேருந்து என்னைத்தான் காப்பகத்துக்கு அனுப்பினாங்க, அங்க இருக்கற நாய்ங்களைப் படம் எடுக்க. படத்தைப் பார்த்துத்தான் ஆளுங்க வந்து எடுத்துட்டுப் போவாங்க. எல்லா நாயும் படத்துல அழகா விழுந்துச்சு. இவன் மட்டும் கறுப்பு இல்லையா, வெறும் கண்ணும் பல்லும்தான் தெரியுது. போட்டோவுல பூதம், நேர்ல பூனை! யார் எடுப்பாங்க? மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவன் என் கேமரா பை மேல தலையை வச்சுத் தூங்கியே போயிட்டான்.

மாமியார்: ம்.

மருமகள்: தடவிக் குடுத்தா உறுமுவான். கொஞ்சக் கொஞ்ச இன்னும் உறுமுவான். அவனுக்குச் சிரிக்கத் தெரியாது அத்தை, அதுதான் அவன் சிரிப்பு. அது புரியாம, "கடிக்க வருது, கடிக்க வருது"ன்னு ரெண்டு வீட்டுலயும் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க. அவன் யாரையும் ஒரு கீறல் கீறினதில்ல!

மாமியார்: அவன் வரட்டும். நானே பேசிக்கறேன்.

மருமகள்: யார்கிட்ட? அவர்கிட்டயா?

மாமியார்: வரட்டும்னேன்.

மருமகள்: திருப்பி அனுப்பாதீங்க அத்தை. உங்க கண்ணுலயே படாம பார்த்துக்கறேன். மாடியில வச்சுக்கறேன். காலையில நடக்கக் கூட்டிட்டுப் போறது, குளிப்பாட்டறது, எல்லாம் நானே... ஒரு மாசம் பாருங்க. ஒரே ஒரு மாசம்...

மாமியார்: வேன் சத்தம் கேக்குதே.

மருமகள்: ஐயோ, வந்துட்டாங்க!

*

மகன்: அம்மா! பதறாதே! உள்ளயே நில்லு! நான் கெட்டியாப் பிடிச்சிருக்கேன்!

மாமியார்: எதைடா பிடிச்சிருக்கே? ஐயோ! என்னடா இது? எமன்! எமனைக் கூட்டிட்டு வந்திருக்கான் என் பிள்ளை!

மருமகள்: சொல்லிட்டேங்க... எல்லாம் சொல்லிட்டேன்...

மகன்: ஏய், ஏன் இப்படி இழுக்கறே? வழியெல்லாம் நல்லாத்தானே வந்தே? அம்மா, தள்ளிப் போ... உன்னைத்தான் பார்க்கறான்... அம்மா! கை நழுவிடுச்சு!

மருமகள்: அத்தை! அசையாதீங்க! ஓடாதீங்க அத்தை!

மகன்: அம்மா!

மாமியார்: டேய்... டேய்... மூஞ்சியை நக்காதே... சீ, போடா... பஞ்சு! உட்காரு!

மகன்: உட்கார்ந்துட்டான்.

மருமகள்: அத்தை காலு மேல.

மகன்: எந்தப் பேர் சொன்னாலும் திரும்ப மாட்டான்னாங்களே? வழி பூரா நான் புலி, சிங்கம்னு கூப்பிட்டுப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்துக்கிட்டு வந்தான்!

மருமகள்: பஞ்சா?

மாமியார்: என்ன பஞ்சு? நான் மூட்டையில இருக்கற பஞ்சைச் சொன்னேன். ஐயோ, பயத்துல மயக்கமா வருதே...

மகன்: மயக்கம் வந்தவங்க ஏம்மா அவன் காதைச் சொறியறே?

மருமகள்: உறுமறான்... அத்தை, அவன் உறுமறான். உங்களுக்குப் பயமா இல்லையா?

மாமியார்: பயமாத்தான் இருக்கு! ...கொஞ்சமா.

மகன்: இரு இரு. அந்த உறை. மாத்திரைன்னு நினைச்சேன்... இது என்ன? அம்மா, இது உன் மூக்குக் கண்ணாடி! ஒரு காலைக் காணோம். யாரோ மென்னு துப்பியிருக்காங்க.

மருமகள்: காப்பகத்துலேருந்தா? அத்தை!

மாமியார்: மென்னே போட்டானா? நினைச்சேன்.

மகன்: அம்மா! நீ எப்ப அங்க போனே?

மாமியார்: கத்தாதே, பிள்ளை மிரளுது.

மகன்: பிள்ளையா!

மாமியார்: பின்ன என்ன? எல்லாம் உன் வாயால வந்தது. பஞ்சர் கடைக்காரன்கிட்ட பெருமையா சொன்னேன், "எங்க வீட்டுக்கு ராட்வீலர் வருதுப்பா, காத்தடிக்க உன்கிட்டதான் வருவோம்"னு. அவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கறான். "அம்மா, அதுக்கு காத்தடிச்சா கடிச்சு வச்சிடும்"னு சொல்லி போன்ல படத்தைக் காட்டினான். எனக்கு வந்ததே கோபம்!

மருமகள்: ஐயையோ...

மாமியார்: நேரா அந்தக் காப்பகத்துக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். "என் வீட்டுக்கு அனுப்பினா நடக்கறதே வேற"ன்னு அந்தம்மாகிட்ட ஒரு பாட்டம் கத்தித் தீர்த்துட்டுத் திரும்பறேன், இவன் வந்து என் செருப்பு மேல உட்கார்ந்துட்டான். காலை எடுக்க முடியல. மேலேருந்து பார்த்தா ஒரே கறுப்பு. கர்ருனு உறுமறான். செத்தோம்டான்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

மகன்: அப்புறம்?

மாமியார்: கண்ணை மூடினதும்தான் சத்தம் சரியா கேட்டுச்சு. எங்கேயோ கேட்ட சத்தமா இருக்கே... பார்த்தா, நம்ம மெஷின் சத்தம்! பழைய மோட்டார் ஓடறப்ப இப்படித்தானே கர்ருனு தரையெல்லாம் அதிரும்? இருபது வருஷமா அந்தச் சத்தத்துலதானே உட்கார்ந்திருக்கேன்? இதுக்குப் போய் எவனாவது பயப்படுவானா? குனிஞ்சு தொட்டேன். கண்ணாடியைப் பிடுங்கிட்டு ஓடிட்டான், திருட்டுப் பய.

மருமகள்: அப்ப எமனுக்கு நாலு கால்னு சொன்னது...

மாமியார்: இவனா எமன்? நிஜமாவே எமன் வந்தாக்கூட வாலை ஆட்டிக்கிட்டுப் போய் கையை நக்குவான். பஞ்சுன்னு ஒரு தடவைதான் கூப்பிட்டேன், கப்புனு பிடிச்சுக்கிட்டான்.

மருமகள்: அத்தை... எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டே... நான் இங்க பயந்து செத்துக்கிட்டு இருந்தேன்! ஏன் சொல்லல?

மாமியார்: நீ ஏன்டி சொல்லல? இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்துல இது வேணும் அத்தைன்னு நீ வாயைத் திறந்து ஒண்ணு கேட்டிருப்பியா? குடுத்ததைச் சாப்பிடுவே, காட்டினதை உடுத்துவே. முதல் தடவையா ஒண்ணுக்கு ஆசைப்பட்டே. அதையும் திருட்டுத்தனமா பண்றே. இவ வாயால கேக்கட்டும், என்கிட்ட கேக்கட்டும்னு காத்திருந்தேன். கடைசியில வேன் வாசலுக்கு வர்ற நேரத்துல கேக்கறே!

மருமகள்: அத்தை...

மாமியார்: அழாதே. அவன் பயந்துக்கறான் பாரு.

மருமகள்: அழல. சிரிக்கறேன்.

மகன்: ரெண்டும் பண்றா.

மாமியார்: நீ பேசாதே. உனக்குத் தனியா இருக்கு. போ, அந்த மெத்தையைப் பிடிச்சு இழு. ஓரம் இன்னும் தைக்கல.

மருமகள்: மெத்தையா? அப்ப அந்த சீட்டு கவர்?

மாமியார்: எந்த சீட்டு? மூணரை அடின்னு நீதானே சொன்னே? நல்லா காலை நீட்டிப் படுக்கட்டும். ரெக்சின் வழுக்கும்னியே, துணிதான் போட்டிருக்கேன்.

மகன்: மெஷின் மேல இது என்னம்மா, பெல்ட்டா?

மாமியார்: கழுத்துப் பட்டை. இவ உள்ள போய் உன்கிட்ட குசுகுசுன்னு பேசினப்ப தைச்சு முடிச்சேன். இங்க தடவிப் பாரு, முடிக்கு அடியில. பழைய சங்கிலி அறுத்த தழும்பு, கையில தட்டுது பாரு. எந்தப் பாவி கட்டினானோ. அதான் உள்பக்கம் ரெண்டு மடிப்பு வச்சு மெத்துனு... மாட்டி விடுடா. அளவு கச்சிதமா இருக்கும்.

மகன்: அப்படியே உட்காருது! யார் குடுத்தாங்க அளவு?

மாமியார்: உன் பொண்டாட்டிதான்.

மருமகள்: நானா? நான் எப்ப அத்தை குடுத்தேன்?

மாமியார்: இருபத்திரண்டு அங்குலம், ரெண்டு தடவை அளந்தேன்னு பெருமையா சொன்னியே, மக்கு! சீட்டு கவர் தைக்கறதுக்கு எவளாவது வண்டிக்குக் கழுத்தளவு கேப்பாளாடி?